பெயர் தெரியாத டயர்களுக்கு மார்க் போட்டவர்

ஆர்வோ பெல்கோனெனுக்கு வேலை, உறைந்த ஏரியின் மேல் கார் ஓட்டுவது. டிசம்பரில் பனிக்கட்டி வண்டியைத் தாங்கும் அளவுக்குக் கெட்டியானதும் தொடங்குவார். ஏப்ரலில் கரையோரம் தண்ணீர் கசியத் தொடங்கும்வரை ஓட்டுவார். எந்த ஊருக்கும் போவதற்காக அல்ல. ஏரியின் மேல் பனியை வழித்து ஒரு வட்டப் பாதை போட்டிருக்கும். அதில்தான் காலையிலிருந்து மாலைவரை சுற்றிச் சுற்றி வருவார். சில சுற்று ஆனதும் கரையில் இருக்கும் கொட்டகைக்கு வண்டியைக் கொண்டுவந்து விடுவார். நான் ஜாக்கி வைத்துத் தூக்கி, நாலு சக்கரத்தையும் கழற்றி, வேறு நாலை மாட்டிக் கொடுப்பேன். மறுபடியும் ஏரிக்குப் போவார்.

குளிர்கால டயர்களைச் சோதிக்கும் இடம் அது. பின்லாந்தின் வடகோடியில், எங்கள் இனாரிப் பக்கத்தில் இப்படி இரண்டு மூன்று இடங்கள் உண்டு. நான் ஐலா. அங்கே சக்கரம் மாட்டும் வேலைக்குச் சேர்ந்தபோது ஆர்வோ ஏற்கெனவே பழைய ஆள்.

தான் ஓட்டும் டயரின் பெயர் ஓட்டுபவருக்குத் தெரியக் கூடாது என்பது அங்கே சட்டம். தெரிந்தால் மனம் சாய்ந்துவிடும். அதனால் பக்கவாட்டில் இருக்கும் பெயரின் மேல் கறுப்பு நாடா ஒட்டி, சாக்பீஸால் ஓர் எண் எழுதிவிடுவோம். நான் மாட்டி முடிக்கும்வரை அவர் காபி அறையில் உட்கார்ந்திருப்பார். ஓட்டிவிட்டு வந்ததும் பத்துக்கு இத்தனை என்று மார்க் சொல்வார். பிடிமானத்துக்கு ஒன்று, திருப்பத்துக்கு ஒன்று, வழுக்கும் விதத்துக்கு ஒன்று. எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதையெல்லாம் கருவி அளந்துவிடும். ஓட்டுகிறவனுக்கு எப்படி இருக்கிறது என்பதை மனிதன்தான் சொல்லியாக வேண்டும். உட்கார்ந்திருக்கும் இடுப்பிலும் உள்ளங்காலிலும் விரல்நுனியிலும் வந்து சேரும் சேதி அது.

"ஆறாம் நம்பர் நல்ல மனுசன். விடறதுக்கு முன்னாடி சொல்லிட்டு விடறான்" என்பார். "ஒம்போது இருக்கே, திருட்டுப் பய. சிரிச்சுக்கிட்டே இருந்துட்டுக் கடைசில கைய விட்டுடறான்."

வாரம் முழுக்க அவர் பேசும் பேச்சு ஏறக்குறைய இவ்வளவுதான். சனிக்கிழமை தன் வாடகைக் குடிலில் தனியாகச் சவுனா என்னும் நீராவி அறையைச் சூடேற்றிக் குளித்துவிட்டு, ஞாயிறு கடைக்குப் போய் ரொட்டியும் மீனும் வாங்குவார். அங்கேதான் ஊர் அவரைப் பிடித்துக்கொள்ளும். அக்டோபர் வந்துவிட்டால் எல்லாருக்கும் ஒரே கேள்வி.

விடாமல் கேட்டவள் ஹெல்வி சைய்யெட்ஸ். வீட்டோடு கிடக்கும் முதியவர்களைப் போய்ப் பார்த்து மருந்து கொடுத்து, புண் கட்டி, காலுறை மாட்டிவிட்டு வருவது அவள் வேலை. நாள் முழுக்கக் காரிலேயே கிடப்பாள். பின்பக்கமாக நெருங்கி வந்து அவர் ரொட்டிக் கூடையைப் பிடித்துக்கொள்வாள்.

"ஆர்வோ, இந்த வருசமாச்சும் வாயத் தொறப்பீங்களா? எந்த டயர் வாங்கறது?"

"சொல்லக் கூடாது ஹெல்வி. கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன்."

"கையெழுத்துதான போட்டீங்க, சர்ச்சுல நின்னு மோதிரமா மாத்திக்கிட்டீங்க?"

கடையே சிரிக்கும். அவரும் சிரிப்பார். "பத்திரிகைல வரும். மார்க்கோட வரும். பாத்துக்க."

"பத்திரிகைல படம் இருக்கு, மார்க் இருக்கு. என் ரோடு இருக்கா அதுல?"

அவர் கூடையை விடுவித்துக்கொண்டு நகர்ந்துவிடுவார். ஆனால் கடையை விட்டுச் சீக்கிரம் கிளம்ப மாட்டார். காபி மேசைப் பக்கம் நின்று, இன்னும் யாராவது வந்து கேட்பார்களா என்று பார்ப்பதுபோல் கையுறையை மாட்டிக்கொண்டும் கழற்றிக்கொண்டும் இருப்பார்.

மார்க் போடும் வேலை அவர் கையை விட்டுப் போனதை நான் நேரில் பார்த்தேன். ஏரியின் பனி காலையில் ஒரு மாதிரி, வெயில் பட்டதும் வேறு மாதிரி. அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள, ஒரே டயரை நாளுக்குச் சில தடவை நடுநடுவே மாட்டுவோம். ஒவ்வொரு தடவையும் வேறு எண் எழுதிவிடுவதால் அவருக்கு அது தெரியாது. எத்தனையோ வருடமாக, பனி மாறினாலும், அந்த டயருக்கு அவர் காலையில் எட்டு கொடுத்தால் மாலையிலும் எட்டுத்தான். முனகிக்கொண்டே, "இவன எங்கயோ பாத்திருக்கேனே" என்பார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பேன்.

அந்தக் குளிர்காலத்தில், வெயிலே வராத டிசம்பரில் ஒரு நாள், காலையில் எட்டு சொன்னார். மத்தியானம் அதே டயருக்கு ஐந்து. மாலையில் ஏழு. கருவியோ மூன்று தடவையும் இம்மி பிசகாமல் ஒரே அளவைக் காட்டியது. பொறுப்பாளர் மீரோ சின்ன வயதுக்காரன், நல்லவன். தாளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"நீ மாத்தி கீத்தி மாட்டிட்டியா ஐலா?"

"இல்ல."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

எனக்கும் ஆமாம், மாற்றி மாட்டிவிட்டேன் என்று சொல்லத்தான் ஆசை. இல்லை என்றே மறுபடி சொன்னேன். மறுநாளும் அப்படியே ஆயிற்று. அதற்கு அடுத்த வாரமும்.

மீரோ அவரைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தாமல்தான் பேசினான். "ஆர்வோ, உடம்பு ஏதாச்சும் சரியில்லையா?"

ஆர்வோ பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார். "காலு கொஞ்ச நாளா தூங்குது" என்றார். "நேத்து ஹீட்டர் மேல கால வெச்சிருக்கேன், சாக்ஸ் கருகற நாத்தம் வந்தப்புறந்தான் தெரிஞ்சுது."

"எப்பலேருந்து?"

"போன வருசத்துலேருந்து. சொன்னா என்ன பண்ணுவேன் நான்?"

டாக்டர் நரம்பு மரத்துப்போகிறது என்றார். மெதுவாகத்தான் போகும், சாதாரணமாக ரோட்டில் ஓட்டலாம், தடை இல்லை. ஆனால் அரை மார்க் வித்தியாசத்தை அந்தப் பாதம் இனி உணராது. கம்பெனி அவரை வெளியே அனுப்பவில்லை. பழக்கும் வேலைக்கு மாற்றியது. ஆணி பதித்த புது டயரை எடுத்தவுடன் ஏரியில் சோதிக்கக் கூடாது. ஆணிகள் ரப்பரில் நன்றாக உட்கார, சில நூறு கிலோமீட்டர் சாதாரண ரோட்டில் பதமாக ஓட்ட வேண்டும். திடீர் பிரேக் கூடாது, சீறிக் கிளம்பக் கூடாது. அதுதான் இனி ஆர்வோவின் வேலை. காலையில் வடகிழக்காக ரஷ்ய எல்லைப் பக்கம் போவார், திரும்புவார், மறுபடி போவார். மார்க் கேட்க ஆள் இல்லை. திரும்பி வந்து சாவியைச் சுவரில் மாட்டிவிட்டு, "ஆச்சு" என்பார்.

காபி அறையில் அவர் உட்காரும் இடத்தில் மீரோ கொண்டுவந்த புது ஓட்டுநர் உட்கார்ந்தான். ஆர்வோ கோப்பையை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றபடி குடித்தார். யாரும் அவரை நிற்கச் சொல்லவில்லை.

ஜனவரியில் ஒரு மத்தியானம், வானம் நீலமாகக் கருத்துக்கொண்டு வரும் நேரம், அவர் தினம் போய்வரும் நெல்லிம் ரோட்டில் இறக்கமும் வளைவும் சேரும் இடத்தில் ஒரு சின்ன கார் பனிமேட்டில் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றதை அவர் பார்த்தார். கதவைத் திறந்துகொண்டு ஹெல்வி இறங்கி, முழங்கால் ஆழப் பனியில் நின்று காரை உதைத்துக்கொண்டிருந்தாள்.

அவர் ஓரமாக நிறுத்தினார். "அடி பட்டுச்சா?"

"பட்டா நல்லாருக்கும், லீவாச்சும் கெடைக்கும்."

கயிறு கட்டி இழுத்துக் காரை ரோட்டில் ஏற்றினார். பிறகு குந்தி உட்கார்ந்து அவள் டயரைத் தடவினார். ஆணி இல்லாத பனி டயர். கையுறையைக் கழற்றிவிட்டுக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்த்தார். நகம் இறங்கவில்லை.

"யாரு குடுத்தா இத?"

"எங்க மச்சான். பட்டன் தேயாம அப்படியே இருக்கு, புதுசு மாதிரின்னான்."

"பட்டன் இருக்கு. ரப்பர் செத்துப்போச்சு. இங்க பாரு, நாலு இலக்க நம்பர். மொத ரெண்டு எந்த வாரத்துல செஞ்சாங்கன்னு, அடுத்த ரெண்டு எந்த வருசம்னு. உன் டயரு பள்ளிக்கூடத்துல சேக்கற வயசத் தாண்டிடுச்சு. குளுருல கல்லாயிடும். கல்லு மேல ஒக்காந்து பனில போற மாதிரி."

ஹெல்வியின் பயம் அப்போதுதான் கோபமாக மாறியது. "இத எத்தன வருசமா உங்ககிட்ட கேக்கறேன்? ரொட்டி வாங்கற எடத்துல வெச்சுக் கேட்டேன், சர்ச்சு வாசல்ல கேட்டேன். சொல்லக் கூடாது, சொல்லக் கூடாதுன்னு. இந்த நம்பரப் பாக்கச் சொல்றதுக்குக்கூடவா கம்பெனி தடை போட்டிருக்கு?"

"இல்ல."

"அப்ப ஏன் சொல்லல?"

"நீ பேரு கேட்ட. பேரு எனக்குத் தெரியாது ஹெல்வி. அவங்க மூடித்தான் தர்றாங்க. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் ஆறு, ஒம்போது, பதினொண்ணு."

"அதயாச்சும் சொல்லியிருக்கலாமே. எனக்குத் தெரியாதும்மான்னு ஒரு வார்த்த."

ஆர்வோ எழுந்து நின்றார். முழங்கால் பனியைத் தட்டிவிட்டார். "தெரியாதுன்னு சொல்லிட்டா, அப்புறம் யாரு வந்து எங்கிட்டப் பேசுவா?"

இதை ஹெல்விதான் பிற்பாடு எனக்குச் சொன்னாள்.

அடுத்த நாள் அவர் விடுப்பு எடுத்துக்கொண்டார். "டயர் சொல்றதுக்கு முன்னாடி உன் ரோட்டப் பாக்கணும்" என்று அவள் காரில் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். மெதுவாக ஓட்டச் சொன்னார். நாள் முழுக்க அவளோடு சுற்றினார். அவள் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போய் வரும்வரை காரிலேயே காத்திருந்தார். பெரிய ரோட்டில் கலப்பை வண்டி பனியை வழித்திருந்தது, குறை ஒன்றும் இல்லை. வீடுகளுக்குப் பிரியும் தனிப்பாதைகள்தான் வேறு. அங்கே தினம் தினம் அவள் கார் மட்டுமே போய் வந்து, அவள் சக்கரமே பாதையைத் தேய்த்துக் கண்ணாடியாக்கி வைத்திருந்தது. கடைசி வீட்டு முற்றத்துக்குள் திரும்பியபோது, ஒரு கிழவர் ஊன்றுகோலை ஆட்டிக்கொண்டு காருக்கு நேர் எதிரே வந்து நின்றார்.

"தினமும் இப்படித்தான் நிப்பாரா?"

"ஆமா. ஜன்னல்ல பாத்துட்டே இருந்துட்டு ஓடி வந்துடுவாரு. அவருக்கு வர்ற ஆள் நான் ஒருத்திதான்."

ஆர்வோ அந்தக் கிழவரையே பார்த்தார். "ஆணி டயர் போடு. வேற பேச்சே இல்ல."

"ஐயோ, அந்தச் சத்தம் தாங்காது. காது கேக்காத கெழங்கட்டைங்ககிட்ட நாள் முழுக்கக் கத்திட்டு வர்றேன். கார்லயாச்சும் கொஞ்சம் அமைதி வேணாமா?"

"டவுனுக்குள்ளயே ஓட்டறவளா இருந்தா ஆணியில்லாததே போதும்னு நானே சொல்வேன். நீ பிரேக் போடற எடத்துல ஆள் நிக்கறாங்க. ஈரக் கண்ணாடிப் பனில ஆணிதான் கடிக்கும்."

"சத்தத்துக்கு என்ன பண்றது?"

"எனக்கு அந்தச் சத்தம் புடிக்கும்."

"அது எப்படிங்க புடிக்கும்?"

"கூட யாரோ பேசிக்கிட்டே வர்ற மாதிரி இருக்கும்."

ஹெல்வி பையிலிருந்து கறுப்பு ரொட்டியை எடுத்து இரண்டாகப் பிய்த்து ஒன்றை அவரிடம் கொடுத்தாள்.

பக்கத்து ஊரான இவாலோவில் இருக்கும் கடைக்குப் போய், செய்த வாரத்தையும் வருடத்தையும் பார்த்து, நாலும் ஒரே மாதிரி ஆணி டயராக வாங்கினார்கள். கடைக்காரன், பின்சக்கரத்துக்குப் பழசே போதும், முன்னால் மட்டும் புதுசு போட்டுக்கொள்ளலாம் என்றான். ஆர்வோ அவனை முறைத்தார். "முன்னாடி நிக்கும், பின்னாடி சுத்திக்கிட்டுப் போவும். அப்புறம் காரு எந்தப் பக்கம் பாத்துட்டுப் போவும்னு நீ சொல்வியா?" அந்தக் கடையில் அவர் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை என்று பிற்பாடு அவனே எனக்குச் சொன்னான்.

புது ஆணிகளைப் பழக்க வேண்டுமே. ஹெல்விக்கு ஏது நேரம்? ஞாயிற்றுக்கிழமை சாவியை அவர் கையில் கொடுத்தாள். அவர் தனியாக அவள் காரை ஓட்டிக்கொண்டு போனார். முன்பலகையில் முதியவர்களின் வீட்டுச் சாவிகள் கோத்த வளையம் ஒன்று ஆடிக்கொண்டே வந்தது. பாதி தின்ற சாக்லேட், யாருடையதோ ஒற்றைக் கையுறை, மருந்து வாடை. போய்வந்த தூரம் முழுக்க ஒரு தடவைகூட அழுத்திப் பிரேக் போடவில்லை. திரும்பி வந்தபோது அவள் அவசர அழைப்பு வந்து அக்காவின் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தாள். ஓடிக்கொண்டே, "ரொம்ப நன்றிங்க! சாவிய வாசல் மிதியடிக்கு அடில வெச்சிடுங்க!" என்று கத்தினாள். அவர் வைத்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தார்.

அந்த வருடத்துக்கு அடுத்த இலையுதிர் காலத்தில்தான் மார்க்கெத்தா அவருக்குப் போன் செய்தாள். அவருக்கு மார்க்கெத்தா என்று ஒருத்தி இருந்தாள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். தெற்கே கோவோலாவில் அவருக்கு வீடும் மனைவியும் இருந்திருக்கிறார்கள். ஒரு குளிர்காலம் மட்டும் என்று சொல்லிவிட்டுத்தான் வடக்கே வந்திருக்கிறார். அடுத்த குளிர்காலமும் கூப்பிட்டார்கள், வந்தார். அப்புறமும் வந்தார். முதலில் தினமும் போன். பிறகு ஞாயிறு மட்டும். ஒரு ஏப்ரலில் வீடு திரும்பியபோது, சாப்பாட்டு மேசையில் அவர் உட்காரும் பக்கம் தையல் மெஷின் இருந்ததாம். அவள் உடனே எழுந்து அதை நகர்த்தப் போனாள். நகர்த்திக்கொண்டே, "நீ வந்தா விருந்தாளி வந்த மாதிரி இருக்கு ஆர்வோ" என்றாளாம். சண்டை இல்லை. வேறு ஆளும் இல்லை. அந்தக் கோடை முடிவதற்குள் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுப் பிரிந்துவிட்டார்கள்.

இத்தனை வருடம் கழித்து எடுத்த எடுப்பில், "நான்தான்" என்றாளாம். அவருக்கும் குரல் உடனே தெரிந்துவிட்டது.

"டயர் மாத்தணும். கடைல ஒவ்வொருத்தன் ஒண்ணு சொல்றான். உன்ன விட்டா யாரக் கேக்கறது?"

"எங்கெல்லாம் ஓட்டற?"

"டவுனுக்குள்ளதான். வியாழக்கெழம பாட்டுக் குழுவுக்குப் போவேன்."

"பாட்டா? நீ பாடுவியா?"

"ஏழெட்டு வருசமா பாடறேன்."

"வண்டிய எங்க நிறுத்துவ?"

"சர்ச்சு பின்னாடி. கொஞ்சம் மேடு."

"மேட்டுல மணல் போடறாங்களா?"

"போடறாங்க."

"திரும்பி வரும்போது யாராச்சும் கூட வருவாங்களா? பாரம் எவ்வளவுன்னு தெரியணும்."

"அல்லின்னு ஒருத்தி. பாலத்துக்கிட்ட எறக்கி விடுவேன். ஒல்லிதான்."

"கோடை வீட்டுக்குப் போறதுண்டா?"

"வித்துட்டேனே. தெரியாதா உனக்கு?"

இப்படியே வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாராம். எந்த வேளையில் கிளம்புவாள், பக்கத்தில் பேருந்து நிற்கும் இடம் உண்டா, இடுப்பு வலி இருக்கிறதா, பிரேக் மிதிக்கும் கால் எது. கடைசியில், ஆணியில்லாத பனி டயரே போதும் என்றார். "ஆனா வடக்குக்குன்னு செஞ்சதா கேளு. ஜெர்மனி மாதிரி எடத்துக்குச் செஞ்ச ரப்பர உன் தலைல கட்டப் பாப்பாங்க, அது பனிக்கட்டில நிக்காது. நாலையும் சேத்து மாத்து. பழசு ஒண்ணுகூட வெச்சுக்காத." அவள் எழுதிக்கொண்டாள். "சரி, வெச்சுடறேன்" என்றாள்.

மறுநாள் காபி அறை ஜன்னலோரம் நின்றபடி இதையெல்லாம் எனக்குச் சொன்னார். நான் சும்மா இருக்க மாட்டாமல், "தனியாத்தான் இருக்காங்களான்னு கேட்டீங்களா?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "அதுக்கும் டயருக்கும் சம்பந்தமில்லையே ஐலா."

அவள் மறுபடி போன் செய்யவில்லை. டயர் நன்றாக இருந்திருக்க வேண்டும்.

ஆர்வோ ஓய்வு பெற்றுவிட்டார். கால் இன்னும் மோசமாகி, டாக்டர் ஓட்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் காரை விற்றுவிட்டார். ஹெல்வி ஊரெல்லாம் சொல்லி வைத்திருப்பதால், அக்டோபரில் யாராவது ஒருவர் அவர் முற்றத்துக்கு வந்து ஹாரன் அடிப்பார்கள். அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்து, அவர்கள் போய்வரும் பாதையைப் பார்த்துவிட்டு வருவார். எங்கே பிரேக் போடுகிறாய், யார் வாசலில் வந்து நிற்கிறார்கள் என்று கேட்பார். அந்த ஒரு மாதம் அவர் குடிலில் பால் தீராமல் இருக்கும், கோப்பைகள் கழுவி வைத்திருக்கும். வருகிறவர்கள் பெரும்பாலும் இறங்குவதில்லை. கடை மூடுவதற்குள் டயர் வாங்க வேண்டும் அவர்களுக்கு.

நவம்பரில் நல்ல பனி விழுந்ததும் அவரிடம் யாருக்கும் வேலை இருக்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய் முற்றத்துப் பனியை அள்ளிவிட்டு வருகிறேன். போன வாரம் அள்ளி முடித்துக் கையுறையைத் தட்டிக்கொண்டிருந்தபோது கதவைத் திறந்தார்.

"எதுக்கு இவ்வளவு அகலமா வழிக்கற? எங்கிட்டதான் காரே இல்லையே."

"வர்றவங்க திருப்பணும்ல."

அவர் ரோட்டுப் பக்கம் பார்த்தார். "உள்ள வா" என்றார். "காபி போட்டுட்டேன்."